என் கை பட்டால்தான் எழுந்திருக்கும்

ஏப்ரல் 3

இந்த நோட்டு கடைப் பின்னறையில் ஓடுகிற கம்ப்யூட்டர் பெட்டிக்காகப் போட்டது. எப்போது நின்றது, எப்போது எழுந்தது, என்ன செய்தேன் என்று எழுதி வைத்தால் அடுத்த முறை தடுமாற வேண்டாம் என்று ஒரு வீடியோவில் ஒருவன் சொன்னான். எட்டு மாதமாக அதை மட்டும்தான் எழுதி வருகிறேன். இன்றைக்கு வேறு ஒன்றும் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கென்று தனி நோட்டு வாங்குகிற ஆள் நான் இல்லை.

பெட்டி: காலை 10.20க்கு நின்றது. கரண்ட் போனபோது இன்வெர்ட்டர் ஒரு நொடி தாமதித்துவிட்டது. 10.26க்கு நான் பூட்டைத் திறக்கும் வாக்கியத்தை அடித்தேன். 10.29க்கு எழுந்தது.

மற்றது: மகள் பிரதீபாவுக்குக் கனடாவில் வேலை கிடைத்திருக்கிறது. மே 7, ஞாயிற்றுக்கிழமை விமானம்.

"அப்பா, நீங்களும் அம்மாவும் ஒரு வாரம் புனேக்கு வாங்க. உங்ககிட்ட நேர்ல ஒண்ணு பேசணும்."

"போன்லயே சொல்லு கண்ணு."

"போன்ல சொல்ற விசயம் இல்லப்பா."

"பொட்டிய விட்டுப்போட்டு எப்படி வர்றது?"

"அப்ப சரிப்பா, பாத்துட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

வெளிநாட்டு அனுபவம் நல்லதுதான். மூன்று வருடம் பார்த்துவிட்டுத் திரும்பினால் கடையை நான் நினைத்ததை விடப் பெரிசாக எடுத்துப் போவாள். கடையே அவளுக்காகத்தான். அதை அவளிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 4

ஓடுகிறது.

ஏப்ரல் 6

மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட்.

"சார், இத்தனை டேட்டாவ ஒரு பழைய கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கீங்களே, எங்ககிட்ட மாசா மாசம் கட்டினாப் போதும், நீங்க நிம்மதியாத் தூங்கலாம்."

"இதுக்கு முன்னாடி ஒரு கம்பெனி இப்படித்தானுங்க தூங்க வெச்சுது" என்றேன்.

அது உண்மை. பம்ப் செட் உதிரிபாக வியாபாரத்தில் முதல் என்பது சரக்கு இல்லை, பொருத்தம். எந்தக் கம்பெனி மோட்டாருக்கு எந்த அளவு புஷ், எந்த சீல், மூடிப்போன கம்பெனியின், தண்ணீர் தள்ளும் இம்பெல்லருக்குப் பதிலாக எது உட்காரும் என்பது. இருபத்தெட்டு வருடம் கைவிரலில் எண்ணெயோடு கற்றதைப் பதினாலாயிரம் வரிகளாக நானும் கடையில் வேலை செய்யும் மரகதமும் மூன்று வருடம் உட்கார்ந்து ஏற்றினோம். வாடகை இணையதளம் ஒன்றில் வைத்திருந்தேன். ஒருநாள் "சேவையை நிறுத்துகிறோம், முப்பது நாள் அவகாசம்" என்று ஒரு கடிதம். அது குப்பை அஞ்சலுக்குள் போய் விழுந்து, நான் பார்த்தபோது மீதி இருந்தது நாலு நாள். நாலு நாளில் எல்லாவற்றையும் இறக்கினோம். மரகதத்துக்குக் கண் வீங்கிவிட்டது.

அன்றைக்கு முடிவு செய்தேன். வாடகைக் கடையில் எவ்வளவு அழகாகப் பெயர்ப்பலகை மாட்டினாலும் ஷட்டர் சாவி இன்னொருவன் இடுப்பில்தான் இருக்கும். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, இரண்டு டிஸ்க், ஓர் இன்வெர்ட்டர். வீடியோ பார்த்துப் பார்த்து நானே அமைத்தேன். பத்தாவதோடு நின்றவன். இப்போது இந்தத் தெருவில் இன்னும் நாலு கடை என் பெட்டியிலிருந்துதான் பொருத்தம் பார்க்கிறது. "நான் இருக்கிற வரைக்கும் பயப்படாதீங்க" என்று வியாபாரிகள் சங்கக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண் கேட்ட ஒரு கேள்வி மட்டும் நன்றாக இருந்தது. "நீங்க இல்லாத அன்னைக்கு சார்?"

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

பிரதீபாவின் அறையில் அவள் விட்டுப்போன விளையாட்டுப் பெட்டி இருக்கிறது. தீபாவளிக்கு வந்தபோது டிவியில் மாட்டி, "சும்மா ஓட்டிப் பாருங்கப்பா" என்றாள். ஓட்டவில்லை. இன்றைக்குக் கடை விடுமுறை. மனைவி ருக்கு கோயிலுக்குப் போயிருந்தாள்.

கார் ஓட்டும் விளையாட்டு. இதை உருவாக்கியதில் என் மகளின் வேலை மழை. ரோட்டில் தண்ணீர் தேங்குவது, டயர் பட்டால் தெறிப்பது, ஓரமாக ஓடி வடிவது. நாலு வருடம் அதைத்தான் செய்தாள். என் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவில் யாரோ கேட்டார்கள், பாப்பா என்ன வேலை என்று. "பொம்மைக் காருக்குத் தண்ணி தெளிக்கறா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது.

விளையாட்டைப் பற்றி என் கருத்து மாறவில்லை. தோற்றால் மறுபடி முதலிலிருந்து விடுகிறான். இப்படிப் பழகியவன் கடை வைத்தால் என்ன ஆவான்? முதல் வளைவிலேயே சுவரில் முட்டினேன். நாலாவது முறை மெதுவாகப் போய் ஓரமாக நிறுத்தினேன். மழை பெய்துகொண்டிருந்தது. தண்ணீர் தார் ரோட்டின் முதுகிலிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து, கல்லைச் சுற்றிச் சுழித்து, சாக்கடை வாயில் குழிந்து இறங்கியது. ஒரு மணி நேரம் அங்கேயே நிறுத்தியிருந்தேன். பொத்தான் எது என்று தெரியாததால்.

ஏப்ரல் 12

மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து நாலு வரை. இன்வெர்ட்டர் மத்தியானம் ஒரு மணி வரைதான் தாங்கும். அதற்குப் பிறகு ஐந்து கடையிலும் நோட்டில் குறித்து ஒப்பேற்றினோம். பல்லடத்துக்காரர் ஒருவர் உடைந்த புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார். தென்னை காய்கிறதாம். மனப்பாடமாகவே எடுத்துக் கொடுத்தேன். சரியாக உட்கார்ந்ததா தெரியவில்லை.

4.10க்குக் கரண்ட் வந்தது. 4.13க்கு வாக்கியம் அடித்தேன்.

இந்த வாக்கியத்தைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். பெட்டியை யாராவது தூக்கிப் போனாலும் உள்ளே இருப்பது கிடைக்கக் கூடாது என்று டிஸ்க் முழுவதற்கும் பூட்டுப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை நின்று எழும்போதும் பெட்டிக்கு முன்னால் போய் நின்று ஒரு நீண்ட வாக்கியத்தை அடித்தால்தான் திறக்கும். போனிலிருந்து முடியாது. வேறு ஊரிலிருந்து முடியாது. வாக்கியம் என் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அது எது என்று இங்கேயும் எழுத மாட்டேன்.

அமைத்த அன்று இது பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. ருக்கு இலை போட்டு மாங்காய்ப் பச்சடி வைத்தாள்.

"ஏனுங்க, டிக்கெட் எப்பப் போடறீங்க?"

"பாக்கலாம்."

"பாத்துட்டே இருங்க. பொண்ணு ஏரோப்ளான் ஏறி மேல போவா, அதையும் கீழ இருந்து பாக்கலாம்."

"என்னமோ நேர்ல பேசணுங்கறாளே, உனக்குத் தெரியுமா?"

ருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே இருந்தாள். "அவ பேசுவா. நீங்க போய்க் கேளுங்க."

தெரியும் போலிருக்கிறது. கல்யாண விசயமாக இருந்தால் அவள் முகம் இப்படி இருக்காது. நான் மேலே கேட்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக.

ஏப்ரல் 17

பிரதீபாவுக்கு நானே போன் போட்டேன். டிக்கெட் விசயம் பேச இல்லை.

"உன்ற விளையாட்டுல ஒரு தப்பு இருக்குது கண்ணு."

"என்னங்ப்பா?"

"அந்தப் பாலம் தாண்டி இடது பக்கம் ஒரு மேடு வருதல்ல. அங்க ஓரத்துல தண்ணி மேட்டுப் பக்கமா ஏறி ஓடுது. தண்ணி எங்காச்சும் மேல ஏறுமா? மோட்டார் வெச்சாத்தான் ஏறும்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அப்பா, அது எங்களுக்குத் தெரியும். எல்லாரும் இருநூறு கிலோமீட்டர் வேகத்துல போவாங்க, யாரும் அங்க நிறுத்திப் பாக்க மாட்டாங்கன்னு விட்டுட்டோம். அதக் கண்டுபிடிச்ச மொத ஆளு நீங்கதான்." சிரித்தாள். பிறகு சொன்னாள்: "எத்தன நேரம்ப்பா நிறுத்திப் பாத்தீங்க?"

"கடைல ஆள் வந்துட்டாங்க, வெக்கறேன்" என்றேன்.

ஆள் யாரும் வரவில்லை.

ஏப்ரல் 22

ருக்கு புனேக்குக் கிளம்பிவிட்டாள். முறுக்கு, பருப்புப் பொடி, இரண்டு பெட்டி. ஸ்டேஷனில் ஜன்னல் வழியாக ஒன்றே ஒன்று சொன்னாள்: "வரணும்னா வாங்க. வர்லீன்னா பொட்டி மேல பழி போடாதீங்க."

ரயில் போன பிறகும் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். போன் அலறியது. பெட்டி நின்றுவிட்டது. ஆட்டோ பிடித்து ஓடினேன்.

ஏப்ரல் 23

ஞாயிறு. தயிர் சோறு. பாலம் தாண்டி மேட்டில் காரை நிறுத்தி வைத்திருந்தேன்.

ஏப்ரல் 25

மே மாத மின்தடை பத்தாம் தேதிதான் என்று விசாரித்துக்கொண்டேன். 27 காலை ரயிலுக்கு டிக்கெட் போட்டேன்.

வாக்கியத்தை யாரிடம் கொடுப்பது? மரகதம் பதினொரு வருடமாக இருக்கிறாள். பேக்கிங்குக்கு வந்தவள், இன்றைக்குக் கவுண்டரே அவள்தான். எதிர்க் கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஷபீர் பாய் இருபது வருடப் பழக்கம். இரண்டு பேரும் தங்கம். ஆனாலும் முழு வாக்கியத்தையும் ஒருவரிடம் கொடுக்கக் கை வரவில்லை. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி போல முன்பாதியை மரகதத்துக்கும் பின்பாதியை பாய்க்கும் தனித்தனிக் கவரில் ஒட்டிக் கொடுத்தேன்.

மரகதம் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்ணா, பாதி ஆளத்தான் நம்பறீங்களா?"

"பாதி வாக்கியம்தான் பாதி. ஆள முழுசா நம்பறேன்."

"நல்லாப் பேசறீங்கண்ணா" என்று டப்பாவுக்குள் போட்டாள்.

ஏப்ரல் 27

எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி.

ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. திருப்பூர் தாண்டியதும் போன் அலறியது: பெட்டி பதில் சொல்லவில்லை. மரகதத்துக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பாய்க்கு அடித்தேன், எடுக்கவில்லை. அப்புறம் சிக்னலே இல்லை. எதிர் இருக்கையில் ஒரு அம்மா ஆரஞ்சு உரித்து நீட்டினார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். ஐந்து கடை, நூறு விவசாயி, கையில் உடைந்த புஷ்ஷோடு நிற்கிற கூட்டம் கண்ணுக்குள் வந்தது. ஈரோட்டில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

வண்டியின் கடைசிப் பெட்டி என்னைத் தாண்டும்போது போனுக்கு உயிர் வந்தது. பெட்டி ஓடுகிறது என்று செய்தி. வந்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

ஆரஞ்சை அங்கேயே நின்று தின்றேன். பஸ் பிடித்துக் கோயமுத்தூர் வந்தேன்.

மரகதம் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பேரிங்கைக் கீழே வைத்தாள். "எதுக்குங்ணா வந்தீங்க?"

"பொட்டி நின்னுச்சே."

"நின்னுச்சு. எழுப்பிட்டோம். ஆறு நிமிசம்."

"போன எடுத்திருக்கலாமல்ல?"

"கவுண்டர்ல மூணு பேரு, நடுவுல பொட்டி. எந்தக் கையில எடுக்கறது?"

பாய் தெருவைக் கடந்து வந்தார். வேட்டியெல்லாம் வார்னிஷ். "கிட்டுசாமி, கையெல்லாம் கம்பி. கடைய விட்டு வர முடியல. அதனால அங்கிருந்தே சத்தமாச் சொல்லிட்டேன். டிராபிக் சத்தத்துல மரகதத்துக்குக் கேக்கல. மூணு தடவ கத்தினேன்."

"எத?"

"நீ குடுத்த பாதியத்தான். 'திரும்பி கடைக்கு வருவா', 'திரும்பி கடைக்கு வருவா'ன்னு. டீக்கடைல இருந்தவங்கெல்லாம் 'யாரு பாய் வருவா'ன்னு எந்திரிச்சு நின்னுட்டாங்க."

பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். மரகதம் சிரிக்கவில்லை. முன்பாதி அவளிடம் இருந்தது. 'படிச்சு முடிச்சு பிரதீபா.'

அவள் பேரிங்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். நான் பின்னறைக்குப் போய்ப் பெட்டியின் தூசியைத் தட்டினேன்.

ஏப்ரல் 28

ஓடுகிறது.

ஏப்ரல் 29

ஓடுகிறது. ருக்குவுக்குப் போன் போட்டு, திடீரென்று சரக்கு லாரி வந்துவிட்டது, அதனால் இறங்கிவிட்டேன் என்றேன். "ஈரோட்டுக்கா வந்துது லாரி?" என்றாள்.

மே 1

கடை விடுமுறை. ஆனாலும் போய்ப் பின்னறையில் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி ஒன்று, பெட்டியின் விசிறி ஒன்று. ஷட்டர் பாதி இறக்கியிருந்தது.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாடகை இணையதளம் இருந்த காலத்தில் நான் இரண்டு முறை ஊட்டிக்கும் ஒரு முறை மதுரைக்கும் போயிருக்கிறேன். சொந்தப் பெட்டி வந்து எட்டு மாதத்தில், அந்த ஈரோட்டை விட்டால், மேட்டுப்பாளையம் தாண்டவில்லை. தங்கை மகன் நிச்சயதார்த்தத்துக்குப் போகவில்லை. பல்வலிக்குக் கூடத் தெருமுனை டாக்டர்தான். எவனும் என்னை வெளியே தள்ள முடியாத இடம் வேண்டும் என்று கட்டினேன். கட்டியதென்னவோ நன்றாகத்தான் கட்டியிருக்கிறேன். நானும் வெளியே போக முடியவில்லை.

இதில் பெட்டியின் குற்றம் எவ்வளவு என்று இன்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். ஆறு நிமிடத்தில் மரகதம் எழுப்பிவிட்டாள். அது எனக்குத் தெரிந்த பிறகும் நாலு நாளாக இன்னொரு டிக்கெட் போடவில்லை.

மே 2

பிரதீபா போன் போட்டாள். "வர்லீனாப் பரவால்லப்பா. நான் அப்புறமா ஒருநாள் போன்லயே பேசிக்கறேன்."

குரல் நன்றாகத்தான் இருந்தது. கடைசி நேரத்தில் ஆர்டரை ரத்து செய்கிற வாடிக்கையாளர் இப்படித்தான் மரியாதையாகப் பேசுவார். அதற்குப் பிறகு அவர் நம் கடைக்கு வரவே மாட்டார்.

மே 3

காலையில் கடை திறந்ததும் மரகதத்தைப் பின்னறைக்குக் கூப்பிட்டேன். பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன்.

"வாக்கியத்த மாத்தோணும்."

"ஆமாங்ணா. பாதி தெருவுக்குத் தெரிஞ்சு போச்சு."

"அதுக்கில்ல." எப்படி மாற்றுவது என்று படிப்படியாகச் சொன்னேன். டக்டக்கென்று செய்தாள். நான் பெட்டியில் வேலை செய்வதை எட்டு மாதமாகத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். புது வாக்கியம் கேட்கும் இடம் வந்தது. கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்ணா, என்ன போடறது?"

"உனக்குத் தோணறதப் போடு. எங்கிட்டச் சொல்லாத."

"என்னங்ணா இது?"

"போன்ல பொட்டியப் பாக்கற கடவுச்சொல்லையும் மாத்திரு. எனக்குத் தெரிஞ்சா ஈரோட்டுல எறங்கீருவேன். ஈரோடு இல்லீன்னா சேலம்."

மரகதம் விசைப்பலகையின் தூசியை விரலால் துடைத்தாள். "நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"எழுதி ஒட்டிப் பாய்கிட்ட முழுசாக் குடு. பாதி பண்ணாத."

"திரும்பி அந்தப் பக்கம் பாருங்ணா" என்றாள். நான் சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் சாவிகள் தட்டும் சத்தம் நீண்டுகொண்டே போனது. பெரிய வாக்கியமாகத்தான் போட்டிருக்கிறாள். பெட்டியை அணைத்து மறுபடி எழுப்பியும் காட்டினாள். மூன்று நிமிடம்.

வெளியே வந்ததும் கை சும்மா இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

மே 4

விமானம். இதுதான் முதல் தடவை. பெல்ட்டைக் கழற்றச் சொன்னான், கழற்றினேன். மேலே போனதும் போன் பிணம். ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்த பிறகு மனிதனுக்குத் தூக்கம் எப்படி வருகிறது பாருங்கள், பக்கத்து ஆள் தோளில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன்.

புனேயில் இறங்கியதும் விரல் தானாகப் போய்ப் போனில் பெட்டியைத் தட்டியது. கடவுச்சொல் தவறு. இரண்டாவது தடவையும் தவறு. மூன்றாவது தடவை தட்டாமல் உள்ளே வைத்தேன்.

மே 5

வீட்டில் ஒன்றுமில்லை. கட்டில், சோபா எல்லாம் விற்றாகிவிட்டது. இரண்டு பெரிய பெட்டியும் ஒரு பாயும்தான். ஜன்னல் விளிம்பில் வைத்து இதை எழுதுகிறேன். ருக்கு சமையலறையில் இருக்கிற நாலு பாத்திரத்தை வைத்து என்னவோ செய்கிறாள்.

காலையில் பிரதீபா பாயில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். இளைத்திருக்கிறாள். "அப்பா, நான் சொல்லணும்னு இருந்தது..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். ஜன்னல் சட்டத்தில் பெயர்ந்திருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டினாள். "கடை விசயம்ப்பா. நீங்க இத்தன வருசமா..." மறுபடி நின்றது.

அவளுக்குத் தொண்டையில் மாட்டியிருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். ஏப்ரல் மூன்றாம் தேதியே தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை கேட்க வந்து கேட்க முடியாமல் நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் காக்க வைக்கக் கூடாது.

"கடையா?" என்றேன். "நல்லவேள ஞாபகப்படுத்தின. நானே சொல்லோணும்னுதான் வந்தேன். நீ கோவிச்சுக்கக் கூடாது கண்ணு."

"என்னங்ப்பா?"

"எனக்கப்புறம் கடைய மரகதத்துகிட்டக் குடுக்கறதாப் பேசி முடிச்சுட்டேன். பதினொரு வருசமா உழைச்சிருக்கா. இப்பப் பொட்டியே அவ கையிலதான், நானே தொறக்க முடியாது. உனக்குன்னு வெக்கலையேன்னு நெனைக்காத."

"நெசமாவாப்பா?"

"பின்ன? உனக்குத் தண்ணி தெரியும், இம்பெல்லர் தெரியுமா?"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு தோளும் கீழே இறங்கின. நெல் மூட்டையை லாரியில் ஏற்றிவிட்டு நிமிர்கிறவனுக்கு இறங்குமே, அப்படி. அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "நான் திரும்பி வர மாட்டேன்னு நெனைக்கறேன்ப்பா" என்று இப்போது சுலபமாகச் சொல்லிவிட்டாள். "தெரியும், போ. குளிருக்கு நல்ல ஜாக்கெட்டா வாங்கு" என்றேன்.

ருக்கு கரண்டியோடு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடமாக என்னைத் தெரிந்தவள். உள்ளே போனாள்.

வியாபாரத்தில் நான் பொய்யே சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் இல்லாத சரக்கை இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அன்று சாயங்காலத்துக்குள் எங்கே இருந்தாவது வாங்கிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். அம்மாவும் மகளும் ஜாக்கெட் வாங்கக் கிளம்புகிறார்கள். அவர்கள் தெரு தாண்டியதும் மரகதத்துக்குப் போன் போட வேண்டும்.